கழிவு நூல்

சோமனூரில் இறங்கி மில் ரோட்டுக்குப் பின்னால்
ஆறு வீட்டுக் காம்பவுண்டு.
ஒரே சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டு தறி.
நான் சொன்ன பெயரை மூன்று தடவை கேட்டபிறகே
பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டிக் காட்டினார்.
"எங்க காதுல ஒண்ணும் உளுகறதில்லீங்க.
தறி ஓடுதில்லீங்களா."

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
அக்கம்பக்கத்தார்: புகார் ஏதுமில்லை.

துளசிமணி கையில் ஒட்டிய பஞ்சை
நைட்டியில் துடைத்தபடி வந்தாள்.
வாரம் மூன்று நாள் ராத்திரி ஷிப்டு.
தறிக்காரரிடம் முன்பணம் எண்பதாயிரம்.
"ரங்கராசு தங்கமான மனுசனுங்க மேடம்,
புள்ளைக்குப் பப்ஸ் வாங்காம ஊட்டுக்கு வரமாட்டாரு."
எழுதிக்கொண்டேன்.
பப்ஸ் என்றே எழுதினேன்.

மிதுனா. வயது ஒன்பது. நான்காம் வகுப்பு.
போன் செய்தது அவளுடைய டீச்சர்.
நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் உண்டா மிஸ் என்று
வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிற பிள்ளை.
அவ்வளவுதான், வேறொன்றும் தெரியாது என்றார்;
சொல்லிவிட்டு, போனை வைக்காமலே இருந்தார்.

கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.
நான் கத்திக் கேட்டேன், அவள் தலையசைத்தாள்.
காயம் இல்லை. சாப்பாடு உண்டு.
தூக்கம் எப்படி என்றேன்.
சுவரோரம் டம்ளர் நடுங்குவதையே பார்த்தாள்.

பத்து நாற்பதுக்குக் கரண்டு போனது.

பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றதும்
யாரோ தெருவில் இருமுவது கேட்டது.
அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
பேனா எவ்வளவு என்று கேட்டாள்.
அவள் முதுகு மறைத்திருந்த இடத்தில்
ஒரு நூல் தொங்கியது.

பச்சையும் மஞ்சளுமாய்க் கழிவு நூல்,
ஜடை போலப் பின்னி,
எட்டாத உயரத்துத் தாழ்ப்பாளில் முடிந்து,
ஆணி ஒன்றைச் சுற்றி இறக்கி,
அவள் இடுப்பளவில் நின்றது.
இழுத்துக் காட்டினாள். சத்தமே இல்லை.
தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறாள்.

கேள்வி ஒன்பது:
குழந்தைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் உண்டா?
உண்டு எனில் இரண்டு மதிப்பெண் கழிக்கவும்.

அதுவரைக்கும் கூட்டல் பன்னிரண்டு.
பன்னிரண்டு என்றால் உயர் அபாயம், இன்றைக்கே முடிவு.
பத்து என்றால் நடுத்தரம்,
பதினைந்து நாளில் மறுபார்வை.

பல்லடத்துப் பையன் ஒருவனுக்கு
நடுத்தரம் போட்டிருக்கிறேன்.
பதினோராம் நாள் போன் வந்தது.
அவசரப்பட்டு ஒரு பிள்ளையைப் பிரித்தும் இருக்கிறேன்.
சூலூர் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால்
அந்தத் தாய் இன்றைக்கும் கூடையை எடுத்துக்கொண்டு
வேறு பெஞ்சுக்குப் போகிறாள்.

இல்லை என்று டிக் அடித்தேன்.

மிதுனா பார்த்துக்கொண்டிருந்தாள்.
வாசிக்கத் தெரிந்த பிள்ளை.
"ஏனுங் மிஸ்," என்றாள், முகம் சுருங்கி,
"நாந்தானுங்க கட்டுனேன். யாரும் சொல்லித் தரலீங்க."

அவளுக்கு என்ன பதில் சொல்ல.
நல்ல முடிச்சு, கண்ணு. ரொம்ப நல்ல முடிச்சு.

துளசிமணியைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினேன்.
விளக்கம் எதுவும் சொல்லவில்லை.
தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தாள்.
ஆணியைப் பார்த்தாள்.
நூலின் நுனி எந்த உயரத்தில் முடிகிறது என்று பார்த்தாள்.
அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்,
பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று அளப்பதைப் போல.

கரண்டு வந்துவிட்டது.

அவள் வாய் அசைந்தது.
ராத்திரி யாரிடம் பிள்ளையை விடுவாய் என்று
நான் கேட்டதற்கா, வேறு எதற்குமா, தெரியவில்லை.
எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

தறிக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு
உதட்டைப் படிக்கத் தெரியும்.
மிதுனா என் காதருகே எக்கிக் கத்தினாள்:
"என்ற துணியெல்லாம் பையில எடுத்து வெக்கச் சொல்லுது.
அம்மா துணியையும்."